ஒட்டுத் தழும்பு

ஹாப்கின்ஸின் 'ஸ்பிரிங் அண்ட் ஃபால்' கவிதையை நான் மூன்று முறை தமிழில் செய்து பார்த்திருக்கிறேன். மூன்றும் தேறவில்லை. பதினைந்தே வரிகள். 1880இல் எழுதப்பட்டது. ஹாப்கின்ஸ் 1889இல் இறந்து, 1918இல் ராபர்ட் பிரிட்ஜஸ் அவருடைய கவிதைகளைத் தொகுத்து வெளியிட்ட பிறகுதான் பரவலாகப் படிக்கக் கிடைத்தது. மார்கரெட் என்ற சிறு பெண், சோலை இலையிழப்பதைப் பார்த்து வருத்தப்படுகிறாள். வயதில் மூத்த ஒருவர் அவளிடம் பேசுகிறார். விஷயம் இவ்வளவுதான். என்னைக் கவிழ்த்தது விஷயமல்ல. இரண்டாவது வரியின் கடைசியில் நிற்கும் ஒரு சொல். 'அன்லீவிங்'.

முதல் தடவை 'இலையுதிர்க்கும்' என்று எழுதினேன். அப்போது எனக்கு நிறைவாகவே இருந்தது. கையெழுத்துப் பிரதியை நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். ஆங்கிலப் பேராசிரியர் அல்ல, ரெயில்வேயில் குமாஸ்தா. சொல் விஷயத்தில் எங்கள் எல்லோரையும்விடக் கறாரானவர். இன்லண்ட் லெட்டரில் ஒரு வரி பதில் வந்தது: 'இலை உதிர்ந்துவிட்டது, சரி. அந்த அன் எங்கே?' அவர் இன்று இல்லை. அவருக்கு நான் அப்போது எழுதாமல் விட்ட பதில்தான் இது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆங்கிலத்தில் 'அன்' என்ற முன்னொட்டு ஒன்றல்ல, இரண்டு. உச்சரிப்பு ஒன்று, எழுத்து ஒன்று, பூர்வீகம் வேறு. முதலாவது பெயரடைகளோடு சேர்ந்து இன்மையைச் சொல்வது: 'அன்ஹாப்பி', 'அன்ட்ரூ', 'அன்கைண்ட்'. இது லத்தீனின் 'இன்'னுக்கும் கிரேக்கத்தின் 'அ, அன்'னுக்கும் ஸம்ஸ்கிருதத்தின் 'அ, அன்'னுக்கும் உடன்பிறப்பு. நம் கிராமத்துக் கிழவி வயிறெரிந்து 'அநியாயம்' என்கிறாளே, அதில் முன்னால் நிற்கும் அகரமும் ஷேக்ஸ்பியரின் 'அன்'னும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒரு வித்தியாசம் உண்டு. நம்மிடம் வந்த அகரம் தன்னோடு வந்த வடசொற்களைத் தவிர வேறெதையும் தொடவில்லை. நியாயம் அநியாயமாகும், நல்லது 'அநல்லது' ஆகாது. ஆங்கிலத்தின் 'அன்'னுக்கு இந்தத் தீண்டாமை கிடையாது. சாக்ஸன் சொல், பிரெஞ்சுச் சொல், நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய சொல், எதன்மேலும் ஏறி உட்கார்ந்துவிடும்.

இரண்டாவது 'அன்' வினையோடு சேர்வது. 'அன்டை', 'அன்லாக்', 'அன்லோட்', 'அன்டு'. இது இன்மையைச் சொல்வதில்லை, செய்ததைத் திருப்புவதைச் சொல்கிறது. ஜெர்மனின் 'என்ட்', கிரேக்கத்தின் 'ஆன்ட்டி' இவற்றின் சொந்தக்காரன். பழைய ஆங்கிலத்தில் கொஞ்சம் வேறு முகத்தோடு இருந்து, பிறகு உருவம் தேய்ந்து முதலாவதோடு ஒன்றிப் போயிற்று. இந்த ஒன்றிப்போதலால் விளைந்த வேடிக்கையை மொழியியல்காரர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள்: 'அன்லாக்கபிள்'. 'லாக்கபிள்' என்று முதலில் ஒட்டிவிட்டுப் பிறகு 'அன்' சேர்த்தால், பூட்டவே முடியாத கதவு. 'அன்லாக்' என்று முதலில் ஒட்டிவிட்டுப் பிறகு 'ஏபிள்' சேர்த்தால், பூட்டைத் திறக்கக்கூடிய கதவு. துண்டுகள் அதே மூன்றுதான். எதை முதலில் ஒட்டினோம் என்பதில் அர்த்தம் இருக்கிறது. ஒரு சொல்லுக்குள் காலம் இருக்கிறது என்பது எனக்கு இந்த இடத்தில்தான் உறைத்தது.

ஹாப்கின்ஸின் சொல்லிலும் இந்த இரண்டு கதவுகளும் இருக்கின்றன. 'லீஃப்' இலை. அதிலிருந்து 'லீவ்' என்று ஒரு வினை, இலைவிடுதல். அதன்மேல் இரண்டாவது 'அன்' ஏறினால், விட்ட இலையை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொள்ளுதல். ஆனால் 'லீவ்' என்றால் பிரிந்து போதல் என்றும் இருக்கிறது. அதன்மேல் முதலாவது 'அன்' ஏறினால், பிரியாமை, போகாமை. இலைகள் போய்க்கொண்டிருக்கும் மரத்துக்கு, போகாமல் இருப்பது என்ற சொல்லே பெயராகிறது. குழந்தை பார்ப்பது ஒன்று, அவளுக்குச் சொல்லப்படுவது ஒன்று, அவள் பின்னால் தெரிந்துகொள்ளப் போவது மற்றொன்று. மூன்றும் ஓரசை முன்னொட்டில் தொங்குகின்றன. 'இலையுதிர்க்கும்' என்ற என் சொல்லில் தாவரவியல் இருந்தது. வேறெதுவும் இல்லை.

திருப்புகிற 'அன்'னில் எனக்கு முக்கியமாகப் படுவது அதன் ஞாபகம். கட்டாததை அவிழ்க்க முடியாது, ஏற்றாததை இறக்க முடியாது. 'அன்' என்று தொடங்கும் ஒவ்வொரு வினையும், முன்னால் ஒரு காரியம் நடந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டுதான் ஆரம்பிக்கிறது. ஷேக்ஸ்பியருக்கு இது நன்றாகத் தெரியும். 'ரிச்சர்ட் தி செகண்ட்' நாடகத்தில் முடியிழந்த அரசனைக் குறிக்க 'அன்கிங்டு' என்று ஒரு சொல் வருகிறது. 'டீத்ரோன்' என்பது நாற்காலியிலிருந்து இறக்குவது. இறக்கப்பட்டவன் மனிதனாக நடந்து போய்விடலாம். 'அன்கிங்' என்பது ஒருவனிடமிருந்து அவனுடைய அரசத்தன்மையை உரிப்பது. உரித்த பிறகும் அந்தச் சொல்லுக்குள் 'கிங்' அப்படியே உட்கார்ந்திருக்கிறான், எடுக்க முடிவதில்லை. அதே நாடகத்தில் ராணியிடம் விடைபெறும் இடத்தில் 'அன்கிஸ்' என்ற வினை. கொடுத்த முத்தத்தை எப்படித் திரும்ப எடுப்பது? முடியாது என்பதற்காகத்தான் அந்தச் சொல். மாக்பெத்தின் மனைவி முதல் அங்கத்தில் தன்னை 'அன்செக்ஸ்' செய்யும்படி ஆவிகளிடம் கேட்கிறாள். ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடந்துகொண்டு அதே முன்னொட்டோடுதான் மல்லுக்கு நிற்கிறாள், இப்போது அவிழ்க்கவே முடியாத ஒன்றைப் பற்றி. முன்னொட்டை முன்னிறுத்தி அந்த நாடகத்தை யாராவது முழுக்கப் படித்துக் காட்டினால் நன்றாயிருக்கும். நான் அதற்கு ஆள் அல்ல.

ஹார்டியின் 'அன்ஹோப்' பற்றியும் ஒரு வார்த்தை. 'இன் டெனெப்ரிஸ்' கவிதையில் வருகிறது. நம்பிக்கையின்மைக்கு ஆங்கிலத்தில் 'டிஸ்பேர்' என்ற சொல் சௌகரியமாக இருக்கும்போது இது எதற்கு? 'டிஸ்பேர்' என்பதே ஒட்டுச் சொல்தான். லத்தீனில் நம்பிக்கையைக் குறிக்கும் வினைக்கு முன்னால் 'டே' என்பது ஒட்டியது. ஆனால் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சேர்வதற்குள் தழும்பு ஆறிவிட்டது. படிக்கிறவன் கண்ணுக்கு உள்ளே நம்பிக்கை என்ற ஒன்று இருந்ததே தெரியாது. 'அன்ஹோப்'பில் தழும்பு பச்சையாக இருக்கிறது. ஹார்டிக்கு வேண்டியது அந்தப் பச்சைப்புண்.

இதே முன்னொட்டைக் கொண்டு நேரெதிரான காரியமும் செய்யலாம். ஆர்வெல் 1949இல் '1984' நாவலில் காட்டிய அரசாங்க மொழியில் 'பாட்' என்ற சொல் தேவையில்லை. 'குட்' இருக்கிறதே, 'அன்குட்' போதும். இன்னும் அழுத்தம் வேண்டுமா, 'ப்ளஸ்', 'டபிள்ப்ளஸ்' என்று முன்னால் கோத்துக்கொண்டே போகலாம். பார்ப்பதற்குச் சிக்கனம், ஒழுங்கு. ஒரு என்ஜினியர் பார்த்தால் சந்தோஷப்படுவான். ஆனால் 'கெட்டது' என்ற சொல்லுக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் பட்ட அனுபவம் இருந்தது. அதை எடுத்துவிட்டு 'நல்லது அல்லாதது' என்று வைத்தால், தீமை என்பது நன்மையின் ஒரு கணக்குக் குறைவாக ஆகிவிடுகிறது. அதைவிடக் கொடூரம் 'அன்பர்ஸன்'. (தமிழில் எழுதும்போது 'அன்பர்' என்று ஆரம்பிக்கிறது. நான் என்ன செய்ய!) அரசாங்கம் கொன்றவன் செத்தவன் அல்ல, ஒருபோதும் இருந்திராதவன். இங்கே வேலை செய்வது முதலாவது 'அன்', ஞாபகமில்லாதது. ரிச்சர்டின் 'அன்கிங்'கில் ராஜா உள்ளே மிஞ்சுகிறான். ஆர்வெலின் 'அன்பர்ஸ'னிலும் எழுத்தளவில் 'பர்ஸன்' மிஞ்சத்தான் மிஞ்சுகிறான், ஆனால் அதைப் பார்க்கக்கூடாது என்பது சட்டம். இதே ஆர்வெல் 1946இல் எழுதிய அரசியலும் ஆங்கிலமும் பற்றிய கட்டுரையில், 'நாட் அன்...' என்று இரட்டை மறுப்பில் வழுக்கும் வாக்கியங்களைக் கேலி செய்தவர்தான். குண்டு போட்டுக் கிராமத்தைக் கொளுத்துவதற்கு 'பாஸிஃபிகேஷன்' என்று பெயர் வைப்பதையும் அங்கே எடுத்துக் காட்டுகிறார். அந்த 'ஃபிகேஷன்' என்ற வால் செய்யும் காரியத்தைக் கவனிக்க வேண்டும். வினை பெயராகிறது, பெயரானதும் செய்தவன் காணாமல் போகிறான். யார் யாரை என்ற கேள்விக்கு வாக்கியத்தில் இடமே இல்லை. நம் ஸர்க்கார் தமிழின் 'மயமாக்கல்', 'படுத்தல்' எல்லாம் அந்த வாலின் குட்டிகள்.

2009இல் ஆக்ஸ்ஃபோர்டின் அமெரிக்க அகராதிக்காரர்கள் 'அன்ஃப்ரெண்ட்' என்பதை அந்த ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஏதோ அன்றுதான் பிறந்ததுபோலப் பத்திரிகைகள் எழுதின. லியர் அரசன் தன் மகளைக் கைவிடும் காட்சியிலேயே 'அன்ஃப்ரெண்டட்' இருக்கிறது. வித்தியாசம், லியரின் சொல்லைச் சொல்ல ஒரு மேடையும் ஒரு தகப்பனின் குரலும் வேண்டியிருந்தது. இப்போது விரல் நுனி போதும், ஞாபகமும் தேவையில்லை. கம்ப்யூட்டரில் 'அன்டு' பொத்தானை அழுத்தும்போது, செய்தது மட்டுமல்ல, திருப்பியதற்கான தடயமும் இல்லாமல் போகிறது. மாக்பெத்தின் மனைவி தூக்கத்தில் தேடியது இதைத்தான்.

தவறாக வெட்டி ஒட்டுவதும் ஆங்கிலத்துக்குக் கைவந்த கலை. ஹாம்பர்க் நகரத்தின் பெயரால் 'ஹாம்பர்கர்'. அதில் 'ஹாம்' என்று பன்றித் தொடையைக் கண்டவர்கள், மிச்சத்தை 'பர்கர்' என்று வெட்டியெடுத்து 'சீஸ்'ஸுக்கு ஒட்டினார்கள். 'ஹெலிகாப்டர்' கிரேக்கத்தில் 'ஹெலிகோ', 'ப்டெர்' என்று பிரிய வேண்டியது. 'காப்டர்' என்று உடைந்தது. அரபியில் 'அல் குஹ்ல்' என்றால் கண்ணுக்கிடும் மை. அது ஐரோப்பாவுக்குப் போய்ச் சாராயமாகி, 'ஆல்கஹாலிக்' ஆகி, அதன் வால் அறுந்து 'வர்க்கஹாலிக்' வரை வந்துவிட்டது. வேலைப் பைத்தியத்தின் கண்ணில் இன்னும் கொஞ்சம் மை ஒட்டியிருக்கிறது. 1972இல் வாட்டர்கேட் என்ற கட்டடத்தில் நடந்த திருட்டுக்குப் பிறகு, 'கேட்' என்றால் ஊழல் என்று ஆயிற்று. இவையெல்லாம் தவறுகள் என்று இலக்கண வாத்தியார் சொல்லலாம். பேசுகிற ஜனங்கள் வெட்டிய இடமே மூட்டு.

இப்படித் தவறாக வெட்டிய ஒரு துண்டிலிருந்துதான் ஹாப்கின்ஸின் 'இன்ஸ்கேப்' வந்தது. டச்சு மொழியில் 'லாண்ட்ஸ்காப்'. அதில் 'ஸ்காப்' என்பது ஆங்கிலத்தில் 'ஃப்ரெண்ட்ஷிப்'பில் வரும் 'ஷிப்'பின் அண்ணன்தம்பி; தன்மை, நிலை என்று மட்டும் பொருள். டச்சு ஓவியர்களின் தொழிற்சொல்லாக அது 1600ஐ ஒட்டி ஆங்கிலத்துக்கு வந்தது. ஆங்கிலேயனுக்கு உள்ளே இருந்த 'ஷிப்' தெரியவில்லை. படம் தெரிந்தது. 'ஸ்கேப்' என்றால் விரிந்த காட்சி என்று முடிவு கட்டி, 'ஸீஸ்கேப்', 'ஸிட்டிஸ்கேப்' என்று போனான். ஹாப்கின்ஸ் 1868இல் பார்மினிடிஸ் பற்றிய தன் குறிப்புகளில் அதன்முன் 'இன்' சேர்த்தார். ஒரு பொருளை அந்தப் பொருளாகவே பிடித்துவைத்திருக்கும் உள்வடிவம் என்று சொல்லலாம். கண்ணால் காணும் விரிவுக்கு உண்டான ஒட்டை, காண முடியாத செறிவுக்குப் போட்டார். தெரியாமலே 'ஷிப்'பின் பழைய அர்த்தத்துக்கு, தன்மை என்பதற்கு, பக்கத்தில் போய்விட்டார் என்று எனக்குப் படுகிறது. இது என் யூகம்தான். ஹாப்கின்ஸ் சொற்களின் பூர்வீகத்தில் பைத்தியமாக இருந்தவர், தெரிந்தே செய்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

தமிழில் இதற்கு நான் முதலில் 'உட்காட்சி' என்று எழுதினேன். அபத்தம். உட்காட்சி காண்பவனுடையது, 'இன்ஸ்கேப்' காணப்படும் பொருளுடையது. ரெயில்வே நண்பர்தான் 'உட்கோலம்' என்றார். கோலம் என்றால் வடிவம், கோலம் என்றால் வாசலில் புள்ளியைச் சுற்றி இழுப்பதும். இன்றுவரை அதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஏ.கே. ராமானுஜன் 1967இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது புத்தகத்துக்கு 'தி இண்டீரியர் லாண்ட்ஸ்கேப்' என்று தலைப்பு வைத்தார். 'இன்ஸ்கேப்' கையெட்டும் தூரத்தில் இருக்க, இரண்டு சொல்லாகப் பிரித்தே வைத்திருக்கிறார். அகத்திணையில் நிலம் நிலமாகவே வெளியே நிற்கிறது. மனம் அதைத் தன்னோடு ஒட்டிக்கொள்வதில்லை, பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறது. ஒட்டாமல் இடைவெளி விட்டதும் ஒரு வாசிப்புதான்.

இனி 'இஸம்'. இதைப் பற்றி எழுதாமல் தப்பிக்க முடியுமா என்று பார்த்தேன்.

1912இல் எஸ்ரா பவுண்ட், லண்டனில் ஹில்டா டூலிட்டில் எழுதிய கவிதைகளின் அடியில் 'எச்.டி., இமாஜிஸ்ட்' என்று பிரெஞ்சுப் பாணியில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவைத்த கதை எல்லோருக்கும் தெரியும். கவிதைகள் இருந்தன. இயக்கம் இருந்ததா என்றால், பின்னொட்டு வந்த பிறகு இருந்தது. இரண்டு மூன்று வருஷத்தில் ஏமி லோவல் அந்தக் கடையை எடுத்து நடத்த ஆரம்பித்ததும், பவுண்ட் அதை 'ஏமிஜிஸம்' என்று திட்டிவிட்டு, 'வோர்டிஸிஸம்' என்று வேறு கடை திறந்துவிட்டார். ஒட்டுவதில் அவருக்கிருந்த வேகம் அசாத்தியமானது. ஆனால் பவுண்டுக்கு 'இஸம்' ஒரு கத்தி. வேலை முடிந்ததும் தூக்கிப் போட்டார். நாம் பொறுக்கியெடுத்து உறையில் போட்டுப் பூஜை செய்கிறோம்.

தமிழில் 'இஸ'த்துக்கு மூன்று வால் வைத்திருக்கிறோம்: வாதம், இயம், துவம். யதார்த்தவாதம், மார்க்ஸியம், நவீனத்துவம். மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றுப்போலப் புழங்குகின்றன. ஆனால் மூன்றும் ஒன்றல்ல. வாதம் என்றால் யாரோ எதிராளியோடு தர்க்கம் செய்கிறான். 'துவம்' ஸம்ஸ்கிருதத்தின் 'த்வ'. அது 'இஸம்' அல்லவே அல்ல, ஆங்கிலத்தின் 'நெஸ்', 'ஹூட்'. ஒன்றாக இருக்கும் தன்மை. 1923இல் ஸாவர்க்கர் 'ஹிந்துயிஸம்' வேறு, 'ஹிந்துத்வ' வேறு என்று பிரித்துக்கொண்டு புத்தகம் எழுதியபோது, அவருக்கு இந்த வித்தியாசம் துல்லியமாகத் தெரிந்திருந்தது; அந்தத் துல்லியத்தின் விளைவுகள் அரசியலில் இருக்கின்றன. நமக்குத் தெரியவில்லை. 'மாடர்னிஸம்' என்ற கலை இயக்கத்துக்கு நவீனத்துவம் என்று, 'மாடர்ன்நெஸ்' என்று பொருள்படும் பெயரை வைத்தோம். பிறகு 'மாடர்னிடி' வந்து வாசலில் நின்றபோது அதற்குக் கொடுக்கச் சொல் இல்லை. நவீனத்தன்மை, நவீனம், நவீனமயம் என்று தடுமாறினோம். எத்தனை சண்டை! எத்தனை இதழ்களில் எத்தனை பக்கம்! அந்தச் சண்டைகளில் பாதி கருத்துச் சண்டை அல்ல, பின்னொட்டுத் தகராறு. என் பங்கும் அதில் உண்டு.

என் பங்கு இன்னும் ஒன்று உண்டு. முப்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு இளைஞரின் முதல் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். நாற்பது பக்கத் தொகுப்பு, சொந்தக் காசில் போட்டது. ஏழெட்டுக் கவிதைகள் நன்றாக இருந்தன. நன்றாக இருந்தன என்று எழுதுவது விமர்சனம் ஆகாது என்று நினைக்கும் வயதில் நான் இருந்தேன். 'இருத்தலியல்வாதி' என்று எழுதினேன். இருத்தல், இயல், வாதி. 'எக்ஸிஸ்டென்ஷியலிஸ்ட்' என்ற சொல்லின் மூட்டுகளை ஒன்று ஒன்றாகக் கழற்றி, தமிழ்த் துண்டை அதே வரிசையில் மாட்டிய திருப்தி எனக்கு. ஸார்த்ரேயே முதலில் அந்தப் பெயரை மறுத்தவர், 1945இல்தான் ஒப்புக்கொண்டு அதன் பேரில் சொற்பொழிவு செய்தார் என்பதும், காம்யூ கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை என்பதும் அன்றே எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஒட்டினேன்.

அந்த இளைஞரிடமிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. 'வாதி என்று போட்டிருக்கிறீர்கள் ஸார். நான் யாரோடும் வாதம் செய்யவில்லை. அப்பாவுக்கு ராத்திரி முழுக்க இருமல். அதைத்தான் எழுதினேன்.' மரியாதையாகவே எழுதியிருந்தார், நமஸ்காரத்தோடு முடித்திருந்தார். நான் பதில் எழுதவில்லை. அவருடைய கவிதைகளை அதன் பிறகு நான் எங்கும் பார்க்கவில்லை. என் மதிப்புரைதான் காரணம் என்று சொல்லிக்கொள்வதும் ஒரு வகை அகம்பாவம். ஒரு தாலுகா ஆபீஸில் வேலை கிடைத்துப் போயிருக்கலாம், அப்பா இறந்திருக்கலாம், கவிதை அலுத்திருக்கலாம். ஆனால் அந்தத் தொகுப்பைச் சென்ற மாதம் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, இருமல் பற்றிய கவிதையில் அவரே ஒரு சொல்லைச் செய்திருப்பது கண்ணில் பட்டது. அன்றைக்கு அதை நான் பார்க்கவே இல்லை. அவர் அனுமதி கேட்க வழியில்லாததால் இங்கே எடுத்து எழுதவில்லை. இருமலுக்கும் விடியலுக்கும் நடுவில் ஒரு ஒட்டு, அவ்வளவு சொல்லலாம். நான் பார்த்திருக்க வேண்டியது அந்த ஒட்டை. நான் வேறொரு ஒட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நெற்றியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவில் இதே காரியத்தைப் பத்திரிகை செய்தது. 1957 அக்டோபரில் ஸ்புட்னிக் பறந்தது. 1958 ஏப்ரலில் ஸான் ஃபிரான்ஸிஸ்கோ பத்திரிகையில் ஹெர்ப் கேன் என்ற பத்தி எழுத்தாளர் 'பீட்' கவிஞர்களுக்குப் பின்னால் அந்த 'நிக்'கை ஒட்டி 'பீட்னிக்' என்றார். ரஷ்ய வாடை, கொஞ்சம் யித்திஷ் வாடை, நிறையக் கேலி. கெரோவாக் அந்த 'பீட்'டில் பேரானந்தத்தைக் குறிக்கும் 'பியாடிஃபிக்' ஒலிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வாலில் அது போயிற்று. தாடி, டிரம், கறுப்புக் கண்ணாடி மிஞ்சின. பத்தி எழுத்தாளர் தமாஷுக்குச் செய்தார். நான் விமர்சனம் என்ற பெயரில் செய்தேன்.

ஒட்டு உயிரோடு இருக்கிறதா, செத்ததா என்பதும் ஒரு கேள்வி. 'நெஸ்' உயிரோடிருக்கிறது, எதன் பின்னாலும் போகும். 'வார்ம்த்', 'டெப்த்', 'ட்ரூத்' இவற்றில் வரும் 'த்' செத்துவிட்டது, புதிதாக எதையும் பெறாது. செத்ததை எழுப்பிப் பார்த்தவர் ரஸ்கின். 'வெல்த்' என்ற சொல்லில் நலம் என்று பொருள்படும் 'வீல்' இருக்கிறது. அப்படியானால் கேடு விளைவிக்கும் சொத்துக்கு என்ன பெயர்? 'இல்த்' என்றார். 1860இல் பத்திரிகையில் வந்து 1862இல் நூலான 'அண்டு திஸ் லாஸ்ட்'டில் இருக்கிறது. பொருளாதாரம் முழுவதையும் இரண்டெழுத்து வாலில் விசாரணைக்கு இழுத்துவிட்டார். காந்தி 1904இல் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் போகும் ரெயிலில் படித்தது அந்தப் புத்தகத்தைத்தான். 1908இல் குஜராத்தியில் அதன் சாரத்தை எழுதியபோது வைத்த பெயர் ஸர்வோதயம். 'இல்த்' என்ற சொல் நிலைக்கவில்லை. செத்த ஒட்டு ஒரு நாள் எழுந்து உட்கார்ந்து பேசிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது. அது பேசியது போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, தமிழுக்கு இந்த வசதி இல்லை என்று ஒரு சாராரும், தமிழ் ஒட்டுநிலை மொழி, ஆயிரம் சொல் செய்யலாம் என்று மற்றொரு சாராரும் கிளம்புவார்கள். இரண்டு பேருக்கும் ஹாப்கின்ஸ் அகப்பட மாட்டார். ஆங்கிலத்தில் 'அன்' என்று ஒரே கையால் செய்யும் வேலையை நாம் எப்படிச் செய்கிறோம் என்று பார்த்தேன். கட்டியதை அவிழ்க்கிறோம். பூட்டியதைத் திறக்கிறோம். ஏற்றியதை இறக்குகிறோம். மாட்டியதைக் கழற்றுகிறோம். உடுத்தியதைக் களைகிறோம். மடித்ததைப் பிரிக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் கை வேறு மாதிரி அசைகிறது. ஒவ்வொரு அசைவுக்கும் தனி வினை. ஆங்கிலம் திருப்புதல் என்ற கருத்தை அறிந்திருக்கிறது, தமிழ் திருப்பும் கைகளை அறிந்திருக்கிறது. இதில் ஏழ்மை எங்கே?

இன்மையைச் சொல்வதிலும் நம் வழி வேறு. ஆங்கிலத்தில் மறுப்பு வாசலிலேயே நிற்கிறது, சொல் வருவதற்கு முன்பே 'அன்' என்று எச்சரித்துவிடுகிறது. 'உண்ணேன்' என்பதைப் பாருங்கள். 'உண்' இருக்கிறது, 'ஏன்' இருக்கிறது. நடுவில் மறுப்பு எங்கே? எதிர்மறை ஆகாரம் கெட்டது என்று இலக்கணக்காரர்கள் சமாதானம் சொல்வார்கள். 1856இல் கால்ட்வெல் தன் ஒப்பிலக்கணத்தில் இதைக் கவனித்திருக்கிறார்: காலம் காட்டும் உறுப்பு இல்லாமையே மறுப்பாகிறது. நடக்காத காரியத்துக்குக் காலம் எதற்கு? ஒட்டாமல் விட்டதால் உண்டான அர்த்தம் இது. நம் புதுக்கவிதைக்காரர்கள் இந்த வினையைச் செய்யுள் வழக்கு என்று ஒதுக்கிவிட்டு, 'இல்லை', 'மாட்டேன்' என்று வால் நீட்டிக்கொண்டு போனதில் எனக்குக் குறை உண்டு. சொன்னால் பழமைவாதி என்பார்கள். வாதி!

மார்கரெட்டிடம் திரும்புகிறேன். இரண்டாவது தடவை 'இலை களையும்' என்று செய்தேன். களைதல் உடை களைதலையும் சொல்வதால் மரம் ஆடை அவிழ்ப்பதுபோல் வந்தது. ஹாப்கின்ஸ் ஒரு பாதிரியார், அவருக்கு நான் செய்யக்கூடாத காரியம். மூன்றாவது, 'இலை கழற்றும்'. வளையல் கழற்றுவதுபோல, ஏதோ இழவு வீட்டின் சாயலோடு. கவிதையின் முடிவுக்கு அது பொருந்துகிறது, தொடக்கத்துக்குப் பொருந்தவில்லை. குழந்தைக்கு இழவு இன்னும் தெரியாது.

இப்போது நாலாவதாக ஒன்று. 'இலையவிழும் பொற்சோலை'. அவிழ்தல் கட்டு அவிழ்தல்; ஆங்கிலத்தின் இரண்டாவது 'அன்'னுக்கு இதைவிடக் கிட்டத்தில் தமிழில் சொல் இல்லை. ஆனால் தமிழில் மொட்டும் அவிழ்கிறது. 'இலையவிழும்' என்று கேட்கிற தமிழ்க் காது, துளிர் விரிவதைத்தான் முதலில் பார்க்கும். இலையுதிர் காலத்தில் வசந்தம் வந்து உட்கார்ந்துவிடும். பிழை என்று அடித்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து, கவிதையின் தலைப்பு வசந்தத்தையும் உதிர்தலையும் ஒரே மூச்சில் சொல்கிறதே என்று தோன்றி, அடித்ததன்மேல் புள்ளி வைத்து மீட்டேன். படிக்கிறவர் முதலில் துளிர் என்றே எடுத்துக்கொள்வார்; சிறுமி எதற்கு அழுகிறாள் என்று அடுத்த வரியில் குழம்புவார். அந்தக் குழப்பம் கவிதையிலும் இருக்கிறது. ஆனால் 'போகாமை' என்ற இன்னொரு கதவு என் சொல்லில் திறக்கவில்லை. ரெயில்வே நண்பர் இருந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார். கையெழுத்துப் பிரதி மேஜைமேல் இருக்கிறது. தபால் கார்டு எழுதிய அந்தக் கவிஞரின் பழைய விலாசம் தொகுப்பின் கடைசிப் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. அந்த விலாசத்துக்கு ஒரு நகல் அனுப்பலாம் என்று உறை எடுத்து வைத்திருக்கிறேன்.